குதிரைக்குப் பதிலாக நூறு சிசி

கிரீஷின் முதல் வருஷத் திதி நெருங்கியது. அதற்கு என்ன தானம் கொடுப்பது என்று முடிவு செய்ய, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மயிலாப்பூரில் அவன் வீட்டுக் கூடத்தில் கூட்டம் கூடியது. தலைமை வகித்தவர் கிரீஷின் அப்பா ஸ்ரீரங்கன் அல்ல. ஸ்ரீரங்கன் ஒரு பெரிய நிறுவனத்தில் கணக்கு அதிகாரி. ஆபீசில் அவர் கையெழுத்து இல்லாமல் குண்டூசி நகராது. வீட்டில் அவருடைய அக்கா கணவர் கோபாலதேசிகன் சொல்லாமல் அவரே நகரமாட்டார். கோபாலதேசிகனை எல்லோரும் அத்திம்பேர் என்றுதான் கூப்பிட்டார்கள். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே ரயில்களை நேரத்துக்கு விட முடியாத குறையை, உறவுக்காரர்களின் கல்யாணத்தையும் காரியத்தையும் நேரத்துக்கு நடத்தித் தீர்த்துக்கொண்டிருந்தார்.

போன ஆவணியில் கிரீஷ் போய்ச் சேர்ந்ததிலிருந்து அந்த வீட்டுக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். வண்டி நம்பரைக் கூட்டினால் எட்டு வருகிறது என்றாள் ஓர் அத்தை. புது வண்டிக்குப் பூஜை போட்ட அன்று சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்காமல் உருண்டு ஓடியதைத் தன் கண்ணால் பார்த்ததாக ஒருவர் சாட்சி சொன்னார். நங்கநல்லூர் மாமா ஒருவர், ஆஞ்சநேயருக்கு வேண்டிக்கொண்ட வடைமாலையை இவர்கள் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்ததை நினைவுபடுத்தினார். போதாததற்கு எதிர்வீட்டுக்காரியின் கண் வேறு. கிரீஷ் அன்று சாயங்காலம் மூன்று நண்பர்களோடு பெசன்ட் நகர் கடற்கரையிலிருந்து கலங்கரை விளக்கம் வரைக்கும் பந்தயம் விட்டான், கடைசியில் வருகிறவன் மற்றவர்களுக்குக் கோல்ட் காபி வாங்கித் தர வேண்டும் என்பது ஏற்பாடு, நொச்சிக்குப்பத்தருகில் வரும்போது அவன்தான் முன்னால் இருந்தான் என்கிற காரணத்தை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அதைச் சொல்ல ஜோசியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அதனால் அதற்கு மதிப்பும் இல்லை.

ஹெல்மெட் இருந்ததா என்று ஒருவர் கேட்டார். இருந்தது. வண்டியின் பக்கவாட்டில் பத்திரமாக மாட்டியிருந்தது. அதில் ஒரு கீறல்கூட விழவில்லை.

"தலையெழுத்து ஹெல்மெட்டுக்குள்ள அடங்குமா ஓய்?" என்று அத்திம்பேர் அந்தக் கேள்வியை முடித்துவைத்தார்.

பந்தயத்தில் கூட வந்த நண்பன் சுஹாஸ், கோட்டூர்புரத்துப் பையன், கிரீஷின் அம்மா நீரஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினான். "ஆன்ட்டி, அவன மாதிரி யாராலயும் ஓட்ட முடியாது ஆன்ட்டி. பிரேக்கையே தொடமாட்டான்." அது புகழுரை. நீரஜா அடையாறில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். தூரம், நேரம், வேகம் என்று வருஷக்கணக்காகக் கரும்பலகையில் எழுதி அழித்தவள். அவள் அவனுக்கு மோர் கொடுத்து அனுப்பினாள். துக்கம் விசாரித்த கையோடு அவன் வாசலில் வண்டியை உதைத்து, தெருக்கோடி வரை ஒரே சீற்றமாகச் சீறிக்கொண்டு போனான்.

வண்டி பிழைத்துக்கொண்டது. ஓட்டியவனே போய்விட்டதால் வழக்கு தானாக அடங்கி, போலீஸ் ஸ்டேஷன் மரத்தடியில் கிடந்த சிவப்பு நூறு சிசி வண்டி வீடு வந்து சேர்ந்தது. கோணிப்போன முன்பக்கத்தை அத்திம்பேர் தன் பொறுப்பில் ராயப்பேட்டை மெக்கானிக் வலியுல்லாவிடம் கொடுத்து நிமிர்த்தி, பெயிண்டும் அடித்துவிட்டார். "புதுசு தோத்துது போ" என்றார். ஸ்ரீரங்கன் தினமும் காலையில் கிரீஷின் பழைய பனியனால் அதைத் துடைத்தார். விற்கச் சொன்னால் பேசமாட்டார். உடைத்துப் போடலாம் என்றாலும் பேசமாட்டார். ஒரு நாள் மட்டும் நீரஜாவிடம், "எங்கயாவது ஓடிண்டிருந்தா போறும் நீரு. அந்தச் சத்தம் காதுல விழுந்தா போறும்" என்றார்.

இனி கூட்டத்துக்கு வருவோம்.

"குடை, செருப்பு, விசிறி, சொம்பு எல்லாம் அப்பவே பன்னெண்டாம் நாள்ல கொடுத்தாச்சு" என்று தொடங்கினார் அந்தக் குடும்பத்தின் சம்பத் வாத்யார். "வருஷத் திதிக்கு, அவனுக்கு எதுல பிரியமோ அதைக் கொடுத்தா ஆத்மா திருப்தியாப் போகும்."

"அவனுக்கு எதுல பிரியம்? வண்டியிலதான்!" என்றார் அத்திம்பேர்.

"வண்டியத் தானம் பண்ணலாமோ?" என்று ஸ்ரீரங்கன் இழுத்தார்.

"ஏன் பண்ணப்படாது?" என்றார் வாத்யார். "அச்வ தானம்னு இருக்கே. குதிரை! இப்ப மயிலாப்பூர்ல குதிரைக்கு எங்க போவேள்? மெரினாவுல சவாரி விடறவன் தருவானா? அதான் பிரதிநிதி. 'அச்வ ப்ரதிநிதி த்விசக்ர வாஹனம்'னு சங்கல்பத்துல சேர்த்துண்டா தீர்ந்தது. பசுவுக்குப் பதிலாத் தேங்காய் கொடுக்கறோமே, அந்த மாதிரி."

"பசுவுக்குத் தேங்காய்னா, குதிரைக்கு நூறு சிசி ரொம்பத் தாராளம்" என்று அத்திம்பேர் தொடையில் தட்டினார்.

"வாங்கிக்கப் போறது யாரு?" என்று சமையலறை வாசலில் நின்று நீரஜா கேட்டாள்.

வாத்யார் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். "நேக்கு எதுக்கும்மா இந்த வயசுல? முட்டி வலி. நம்ம முகுந்தன்தான் கஷ்டப்படறான். கார்த்தால தி. நகர்ல புண்யாஹவாசனம், பத்து மணிக்கு அடையாறுல ச்ராத்தம், அது முடியறதுக்குள்ள மாம்பலத்துலேர்ந்து போன் வந்துடறது. அவன் மொபெட் கோடம்பாக்கம் பாலத்துல ஏறவே மாட்டேங்கறது. இறங்கித் தள்ளிண்டு போறான். பித்ருக்கள் எத்தனை நாழி காத்துண்டிருப்பா?"

வாத்யாரின் பிள்ளை முகுந்தன் ஓரமாக உட்கார்ந்திருந்தான். கிரீஷின் வயதுதான். அவன் கூட்டத்தைக் கவனிக்கவில்லை; ஜன்னல் வழியாக வெளியே நின்ற சிவப்பு வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த வண்டி ரெண்டு பேரைக் கொன்னிருக்கு" என்றாள் நீரஜா. "மூணாவதா ஒரு பிள்ளைக்குக் கொடுக்கணுமா?"

"ரெண்டா?" அத்திம்பேர் நிஜமாகவே யோசித்தார். "ஓகோ, அந்த ஆளச் சொல்றியா! அவன் குறுக்க வந்தவன்னா?"

"அவா குப்பத்துக்குக் குறுக்கதான் ரோடு போறது, அத்திம்பேர்."

"விதண்டாவாதம் பண்ணாதே. பிள்ளை அங்க எமலோகத்துக்குப் போற வழியில, பாலைவனத்துல நடந்துண்டிருக்கான்."

"செருப்புதான் கொடுத்தாச்சே?"

"அவன் என்னிக்கு நடந்திருக்கான், செருப்பு போட்டுக்கறதுக்கு? தெருக்கோடியில கொத்தமல்லி வாங்கிண்டு வரவே வண்டிய எடுப்பான்."

ஸ்ரீரங்கன் தரையைப் பார்த்தபடி, "பெரியவா எல்லாரும் சொல்றச்சே..." என்று ஆரம்பித்து அங்கேயே விட்டுவிட்டார். தீர்மானம் நிறைவேறியது.

அதற்குள் முகுந்தன் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "சும்மா ஒரு ட்ரையல் மாமா" என்று சாவியை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டான். நாலு மாட வீதியையும் சுற்றிவிட்டு, சாமி புறப்பாடு ஒரு வாசலைத் தாண்டுகிற நேரத்துக்குள் வந்து நின்றான். குடுமி அவிழ்ந்து தோளில் கிடந்தது. "என்ன பிக்கப் மாமா! கையக் காட்டினாப் பறக்கறது!" என்றான். கண்ணில் ஒரு மினுமினுப்பு. மூக்கிலும் முழியிலும் கிரீஷுக்கும் இவனுக்கும் துளிகூட ஒற்றுமை கிடையாது. அந்த மினுமினுப்பு மட்டும் அச்சாக அதுவேதான். நீரஜா பார்த்தாள். இவனும் போய்விடுவான் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதுகூட இல்லை, விடை தெரிந்த கணக்குபோலத் தெரிந்தது.

மறுநாள் பள்ளி விட்டதும் அவள் சாந்தோம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி, வீட்டுக்குப் போகாமல் நொச்சிக்குப்பத்தில் இறங்கினாள். அவள் யோசித்து வைத்திருந்தது இதுதான்: இன்னொருவருக்குப் பாத்தியதை உள்ள பொருளைத் தானம் செய்யக் கூடாது. கிரீஷின் வண்டியில் அடிபட்டு இறந்தவரின் மனைவி, 'அது எனக்குச் சேர வேண்டியது' என்று ஒரு வார்த்தை சொன்னால், வாத்யாரால் கையை நீட்ட முடியாது. இறந்தவர் பெயர் சுப்புராயன், மனைவி செண்பகம் என்பது பேப்பரில் வந்த மூன்று வரிச் செய்தியில் இருந்தது. நீரஜா அதை ஒரு வருஷமாக மறக்கவில்லை. வந்து பார்க்கவும் இல்லை.

ரோட்டோரம் வரிசையாகப் பெண்கள் மீன் விற்றுக்கொண்டிருந்தார்கள். புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்தலாமா கூடாதா என்று தெரியாமல் நின்ற நீரஜாவை ஒருத்தி கூப்பிட்டாள்.

"இன்னாம்மா, ஐயரூட்டம்மா மாரி கீறே. யாருக்கு வாங்கறே, பூனைக்கா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"செண்பகம்னு..."

"நாந்தான். இன்னா விசயம்?"

நீரஜா தான் யார் என்று சொன்னாள். செண்பகத்தின் கத்தி, பாதி அறுத்த மீனின்மேல் நின்றது.

"வருசம் ஆவப்போவுது" என்றாள் செண்பகம். "இப்பத்தான் வழி தெர்ஞ்சுதா?"

நீரஜா வந்த விஷயத்தைச் சொன்னாள். செண்பகம் முழுக்கக் கேட்டுவிட்டு, அக்கம்பக்கத்தாரைப் பார்த்துச் சிரித்தாள்.

"கேட்டுக்கினியாடி? எங்கூட்டுக்காரு மேல ஏத்துன வண்டிய எனக்கே குடுக்கறாங்களாம். நல்லா கீதும்மா உங்க ஞாயம்! மாலை போட்டு எட்த்துகினு வர்றியா, சும்மா தள்ளிகினு வர்றியா?"

"நீங்க ஓட்ட வேண்டாம். உங்களோடதுன்னு சொன்னாப் போறும்."

"சொன்னா வண்டி இங்க வந்து நிக்கும். எம்புள்ள பாலு கீறான். இப்பவே எவன் வண்டியோ எட்த்துகினு இதே ரோட்டுல சர்ரு சர்ருனு போய்க்கினு கீறான். அவுங்கப்பன் வுழுந்த எடம் தெரியும் அவனுக்கு. அத்தத் தாண்டித்தான் போறான். கேட்டா, 'யம்மா, நான் அந்த ஐயரு பையன் மாரி இல்ல, கண்ட்ரோலா ஓட்டுவேன்'றான். உம்புள்ளயும் இத்தத்தான் சொல்லிகினு இருந்தானா?"

"ஆமாம்" என்றாள் நீரஜா. "இதேதான்."

செண்பகம் கத்தியைக் கீழே வைத்தாள். ஒரு காலி வாளியைக் கவிழ்த்துத் தள்ளிவிட்டு, "குந்து" என்றாள். நீரஜா உட்கார்ந்தாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தார்கள். கடல் பின்னால் இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

"நீங்க வருஷத்துக்கு என்ன பண்ணுவேள்?" என்று நீரஜா கேட்டாள்.

"படையல்தான். அவுருக்கு வவ்வா மீனு புடிக்கும். ஆக்கி வெப்பேன். புடிச்சதுன்னா சோறு வெப்பாங்க, துணி வெப்பாங்க. அவனக் கொன்னதையே எட்த்து வெப்பாங்களா? நீங்கள்லாம் படிச்சவங்க." செண்பகம் மறுபடியும் கத்தியை எடுத்தாள். "எனக்கு வேணாம்மா. வேற எவளுக்கும்கூட வேணாம். பெத்தவ நீதானே, அத்த இன்னா பண்ணணுமோ நீயே பண்ணு. ஆம்பளைங்களக் கேட்டுகினு இருந்தா, அவனுங்க தொடச்சித் தொடச்சி வெச்சிகினு இருப்பானுங்க."

திதி நாள் வந்தது. காலையிலிருந்து ஹோமப் புகை, ஈர வேஷ்டிகள், எள்ளும் தர்ப்பையும். பெற்ற பிள்ளைக்கு அப்பா செய்கிற காரியம். ஸ்ரீரங்கன் மந்திரங்களைச் சொல்லும்போது 'என் பிதா' என்று வர வேண்டிய இடங்களில் எல்லாம் வாத்யார் நிறுத்தி, மாற்றிச் சொல்லிக்கொடுத்தார். ஸ்ரீரங்கன் ஒவ்வொரு தடவையும் நாக்குழறினார். தர்ப்பணம் முடிந்த பிறகு எல்லோரும் முன்புறத்துக்கு வந்தார்கள். அங்கே வண்டி மாப்பிள்ளை போல நின்றது. விளக்குக்குச் சந்தனப் பொட்டு. ஹேண்டில்பாரில் துளசி மாலை. சாவியில்கூட ஒரு முழம் பூ. உறவுக்காரர்கள் பலாச்சுளை வைத்த தட்டைச் சுற்றி நிற்பதுபோல அதைச் சுற்றி நின்றார்கள். முகுந்தன் இருக்கையின்மேல் ஒரு கையை வைத்திருந்தான். இன்னும் தன்னுடையதாகாத பொருளின்மேல் வைக்கிற கை அது. கொஞ்சம் கூச்சமாக, ரொம்ப உறுதியாக.

தானம் செல்லுபடியாக வேண்டும் என்றால் கொடுப்பவரின் கையில் அவர் மனைவி தண்ணீர் விட வேண்டும். அந்தத் தண்ணீரோடு பொருள் கை மாறும். வாத்யார் 'அச்வ ப்ரதிநிதி த்விசக்ர வாஹனம்' என்பது வரை சங்குபோன்ற குரலில் வந்து, "மாமி, ஜலம் விடுங்கோ" என்றார்.

மடிசார் கட்டி, சொம்போடு நின்ற நீரஜா அசையவில்லை.

"மாமி, ஜலம்."

"நான் விடமாட்டேன்."

"நீரஜா!" என்றார் அத்திம்பேர். "நாலு பேர் நடுவுல மானத்த வாங்காதே. ராகு காலம் வரப் போறது."

"வரட்டும். இந்தத் தண்ணிய விட்டா, அந்தப் பிள்ளையோட அம்மா அடுத்த வருஷம் இதே மாதிரி நிக்கணும்."

வாத்யாருக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் மாம்பலம் காத்திருந்தது. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இதுக்கும் வழி சொல்லியிருக்கு. பத்னி இல்லாதவா, ஒரு தர்ப்பைய பத்னி ஸ்தானத்துல வெச்சுண்டு பண்ணலாம்."

"அப்புறம் என்ன? வையுங்கோ!" என்றார் அத்திம்பேர்.

இருபத்தைந்து வருஷத் தாம்பத்தியத்தின் இடத்தில் ஒரு புல் வந்து உட்கார்ந்தது. ஸ்ரீரங்கன் மனைவியையும் பார்க்கவில்லை, புல்லையும் பார்க்கவில்லை.

தன் வேலையைப் புல் எடுத்துக்கொண்டதால் நீரஜாவின் கை சும்மா இருந்தது. அவள் உள்ளே போனாள். தர்ப்பணம் செய்த பாத்திரத்தை, அதில் இருந்த எள்ளும் தண்ணீருமாக அப்படியே தூக்கிக்கொண்டு வந்தாள். பூச்சுற்றிய சாவியைத் திருகி எடுத்து, கிரீஷ் பெட்ரோல் போடும்போது பார்த்திருந்தபடி டேங்க் மூடியைத் திறந்தாள். பாத்திரத்தைச் சாய்த்தாள். களக் களக்கென்று அது குடித்தது.

"கிரீஷுக்கு" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, மீதியையும் சாய்த்தாள். "சுப்புராயனுக்கு."

"ஐயோ மாமி, கார்புரேட்டர்!" என்று முகுந்தன் அலறினான். பெண்பிள்ளை எள்ளும் தண்ணீரும் இறைக்கலாமா என்று கேட்க வேண்டியவன் அவன்.

"பதறாதேடா" என்றார் அத்திம்பேர். அவர் ஏற்கெனவே அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார். "டேங்க்கக் கழட்டி அலம்பினாச் சரியாயிடும். வலியுல்லாகிட்ட நான் பேசிக்கறேன்."

நீரஜா வாத்யார் பக்கம் திரும்பினாள். "மாமா, நீங்களே சொல்லுங்கோ. எள்ளும் தண்ணியும் விட்டாச்சு. இதை எடுத்து ஒருத்தர் உபயோகப்படுத்தலாமா?"

சம்பத் வாத்யார் டேங்க்கைப் பார்த்தார். பசுவுக்குப் பதில் அவரிடம் இருந்தது, குதிரைக்கு இருந்தது, மனைவிக்கும் இருந்தது. இதற்கு இல்லை.

"படாது" என்றார் கடைசியில். "எள்ளு ஜலம் விட்டது போனவாளோடது. உசிரோட இருக்கறவா..." சொல்லிக்கொண்டே வந்தவரின் பார்வை தன் பிள்ளையின் கைமேல் விழுந்தது. அது இன்னும் இருக்கையின்மேலேயே இருந்தது. "டேய்! கைய எடுடா!"

அந்தத் தெருவில் அவர் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. முகுந்தன் சுட்டதுபோலக் கையை எடுத்தான்.

அத்திம்பேர் விடவில்லை.

"அது கிடக்கட்டும். யாரு அந்தச் சுப்புராயன்? எந்தக் கிளை? நம்ம வம்சத்துல நாலு தலைமுறையா அப்படி ஒரு பேரே கிடையாதே?"

"கிரீஷ் கொன்ன மனுஷர், அத்திம்பேர்" என்றார் ஸ்ரீரங்கன்.

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆபீசில் ஒரு தொகையைச் சரிபார்த்துவிட்டுச் சொல்வதுபோல. சொல்லிவிட்டு வண்டியின் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்தார். மனைவி ஸ்தானத்தில் இருந்த புல்லை எடுத்து ஓரமாக வைத்தார்.

"நாம ஒரு நாள்கூடப் போய்ப் பாக்கலையே நீரு" என்றார்.

"நான் போனேன்."

அவர் தலையாட்டினார். பிறகு வாத்யாரைப் பார்த்து, "அவருக்கு நான் விடலாமா?" என்று கேட்டார்.

"கோத்ரம் தெரியுமோ?"

"தெரியாது."

"அப்படியெல்லாம் ஒரு கோத்ரமும் இருக்காது ஸ்ரீரங்கா, அவா என்ன..." என்று தொடங்கிய அத்திம்பேரை வாத்யார் கையை உயர்த்தி நிறுத்தினார். மாம்பலத்துக்கு நேரமாகிவிட்டது, அவர் தன் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"தெரியாதவாளுக்குக் காச்யப கோத்ரம்னு சொல்லலாம்" என்றார். "சொல்லுங்கோ. நான் கூடவே சொல்றேன்."

பாத்திரம் காலியாக இருந்தது. நீரஜா உள்ளே போய்த் தண்ணீரும் ஒரு பிடி எள்ளும் கொண்டுவந்தாள். ஸ்ரீரங்கன் கையை நீட்டினார். அவள் விட்டாள்.